மேனேஜரை மயக்கும் மை

பாம்பனில் ஒரு கருவாட்டுக் கம்பெனி. கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் கம்பெனி. ஐம்பத்தெட்டாம் வருஷம் அந்த ஆபீசுக்குள் நுழைந்தவர்கள், இது ஆபீசா நாடகக் கொட்டகையா என்று திகைத்திருப்பார்கள். குமாஸ்தா முதல் வாட்ச்மேன் வரை எல்லார் நெற்றியிலும் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு. வசிய மை!

உபயம், மலையாண்டிச் சாமியார். இந்த மையைப் பூசிக்கொண்டு எதைக் கேட்டாலும் எதிராளி மறுக்க மாட்டாராம். சுடுகாட்டில் உட்கார்ந்து காய்ச்சியதாம். ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் தினமும் கூட்டம். பதவி உயர்வுக்கு ஒரு சிமிழ், லீவுக்கு ஒரு சிமிழ், பக்கத்து மேசைக்காரனைக் கவிழ்க்கப் பெரிய சிமிழ். கணக்கர் சீனி முகம்மது பூசினார். குமாஸ்தா யேசுதாஸ் சிலுவை போட்டுவிட்டுப் பூசினார். கல்யாண மோதிரத்தையே கழற்றிக் கொடுத்து வாங்கியவர் அவர். மத ஒற்றுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் நாட்டில் கிடையாது!

பலன்? பூனைகள் மட்டும் வசியமாயின. மை பூசியவர் மடியில் ஏறி மூஞ்சியை நக்க வந்தன. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டைப்பிஸ்ட் லீமாரோஸ் ஒருத்திதான் வெறும் நெற்றியோடு வந்தாள். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

மேனேஜர் பொன்னுச்சாமிக்கோ, தன்னை மயக்க இத்தனை பேர் மெனக்கெடுவதில் அப்படியொரு பூரிப்பு. அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எல்லாரும் மரியாதையா மை வச்சு வாராக. ஒனக்கு மட்டும் என்ன திமிரு?"

"மை வச்சா டைப்பு வேகமா வருமா சார்?"

"எதுத்தா பேசுற? நாளைக்கு மை இல்லாம வந்தா, அப்படியே வீட்டுக்குப் போயிரு."

மறுநாள் லீமாரோஸ் யேசுதாசின் சிமிழை வாங்கிக் காலி செய்தாள். நெற்றி முழுக்க மை. கன்னத்திலும் மை. நேராக வேப்பமரத்தடிக்குப் போனாள். மேனேஜர் உட்பட ஆபீசே பின்னால் திரண்டது.

"சாமி, இது ஒங்க மைதானே?"

"நம்ம மைதான் தாயி. அசல்!"

"பூசிக் கேட்டா யாரும் மறுக்க மாட்டாகளா?"

"எமனே மறுக்க மாட்டான்!"

"அப்ப யேசுதாஸ் அண்ணன் மோதிரத்தைத் திருப்பிக் குடுங்க."

சாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. கொடுத்தால் மோதிரம் போச்சு; மறுத்தால் மை போச்சு.

"அது... காய்ச்சின ஆளுகிட்ட பலிக்காது தாயி."

"சரி." லீமாரோஸ் திரும்பினாள். "மேனேஜர் சார், நீங்க காய்ச்சலையே? ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் லீவு விடுங்க."

"முடியாது!" என்று கத்தினார் பொன்னுச்சாமி.

"கேட்டுக்கிட்டீகளா? மூஞ்சி பூரா பூசிக் கேட்டும் முடியாதுன்னுட்டாக. இது வெளக்குக் கரியும் சுறா எண்ணெயும். பூனைக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலையே!"

யேசுதாஸ் பாய்ந்து சாமியாரின் இடுப்பு முடிச்சைப் பிடித்தார். மோதிரம் கீழே விழுந்தது. மாட்டிக்கொண்ட சாமியாருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னைய மட்டும் பிடிக்கிறீகளே! ஆபீசுல ஒருத்தனும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு பெரிய சிமிழா வாங்கினது ஒங்க மேனேஜருதான்!"

பொன்னுச்சாமியின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போனது. அதற்குள் வியர்வையோடு காதோரம் கறுப்பாக ஒழுகத் தொடங்கிவிட்டது. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. அந்தச் சந்தடியில் சாமியார் ரயிலடிப் பக்கம் ஓட்டம் பிடித்தார்.

யேசுதாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் எதிரே வந்து நின்றார்.  

"சார், மை இல்லாமக் கேக்குறேன். இந்தப் பிள்ளைய வேலைய விட்டு நிப்பாட்டினா, நாளைக்குக் கப்பலுக்குச் சரக்கு ஏத்த ஒருத்தரும் வர மாட்டோம். ஞாயித்துக்கிழமை லீவும் வேணும்."

மேனேஜர் அத்தனை பேர் முகத்தையும் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்!

சாமியார் இப்போது கமுதிப் பக்கம் கடை விரித்திருப்பதாகக் கேள்வி. அங்கே வேலை பார்க்கும் மகாஜனங்களே, நெற்றிக்கு வெளியே பூசக் கிளம்புமுன், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள்!