எண்பது மீட்டர் ஒயர்

குப்புராஜ் வீட்டுக் கூடத்தில் புது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஈ ஒன்று அதன் இறக்கையில் உட்கார்ந்து, சாவகாசமாக ஒரு வலம் வந்து, ஏறிய இடத்திலேயே இறங்கிக்கொண்டது.

"வெயிலு மண்டையப் பொளக்குது. இது இப்படிச் சுத்துனா என்ன அர்த்தம்?" என்றார் குப்புராஜ்.

"சுத்துதில்லீங்க, வுடுங்க" என்றாள் அவர் மனைவி கோகிலவாணி.

விடுகிற நிலையில் அவர் இல்லை. போன வாரம்தான் பாப்பாரப்பட்டிச் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று, "இனி எனக்குக் கரண்டு கம்பமே வேணாம். சூரியன வெச்சே பொழச்சுக்குவன்" என்று ஊரறியச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பழைய ஃபேனைக் கழற்றி மகள் கலைமதியின் அறையில் மாட்டிவிட்டு, தனக்கென்று பேட்டரியில் நேராக ஓடும் ஃபேன், விளக்கு, சின்ன டிவி எல்லாம் புதிதாக வாங்கியிருந்தார்.

சோலார் பலகைகளை மொட்டை மாடியில் வைக்கத்தான் நினைத்தார். கோகிலவாணி இடம் கொடுக்கவில்லை.

"மாடியில நான் ராகி காயப் போடணும், புளி காயப் போடணும், மொளகா காயப் போடணும். தோட்டத்துல மோட்டார் கொட்டா சும்மாதான கெடக்குது? அதும் மேல வையுங்க."

வைத்தார். அங்கிருந்து வீட்டுக்கு எண்பது மீட்டர் ஒயர் இழுத்தார்.

சோலார் மாட்டித் தந்த மாதேஷ் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"பலக அங்க, பேட்டரி இங்க. நடுவுல இம்மாந்தூரம் ஒயரு. இதுவோ பன்னெண்டு வோல்ட்டு. வர்ற வழியிலயே சூடாகிப் பாதி போயிருதுண்ணா. பேட்டரி எப்படி நெறையும்?"

"பாதி வீணாவுதா?"

தேங்காய் எண்ணெய் பாட்டில் தீர்ந்தால்கூட அதை வெயிலில் கவிழ்த்து வைத்து, கடைசிச் சொட்டையும் தலையில் தேய்த்துக்கொள்கிற மனிதர் குப்புராஜ்.

"ஒண்ணு, நல்லாத் தடியா ஒயரு போடுங்க. இல்லன்னா பலகைய மாடிக்குக் கொண்டாங்க" என்றான் மாதேஷ்.

குப்புராஜ் மனைவியைப் பார்த்தார்.

"மாடியில ராகி" என்றாள் அவள்.

புது ஒயர் வாங்க மனம் வராமல், கொட்டாயில் கிடந்த பழைய ஒயர்த் துண்டுகளை முறுக்கி முறுக்கி ஒட்டுப் போட்டு, தடிமன் கூடட்டும் என்று இருக்கிற ஒயரோடு சேர்த்து ஓட்டினார். மறுநாள் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் சூடேறி டேப் உருகியது. கூடம் முழுக்க நாற்றம். ஃபேன் நின்றேவிட்டது.

அடுத்ததாக, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைக்குக் கீழே கொட்டாயிலேயே வைத்தார். பேட்டரி தளும்பத் தளும்ப நிறைந்தது. ஆனால் வீட்டிலிருந்த ஃபேன் முக்கி முனகி அரைச் சுற்றுச் சுற்றியதோடு சரி. டிவி கண்ணே திறக்கவில்லை.

"முன்ன பேட்டரிக்கு வர்ற வழியில போச்சு. இப்ப பேட்டரியிலிருந்து ஃபேனுக்குப் போற வழியில போவுது. அவ்ளோதாண்ணா" என்றான் மாதேஷ்.

"அப்ப ஃபேனையும் அங்கயே மாட்டிட்டா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

மாதேஷ் யோசித்தான். "பறக்குங்கக்கா."

பறந்தது. கொட்டாயில் கிடந்த உரச் சாக்குகள் கிணற்று மேடு வரைக்கும் போய் விழுந்தன. குப்புராஜ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஆளில்லாத இடத்தில் இவ்வளவு காற்று வீணாகிறதே என்ற கவலை பிடித்துக்கொண்டது. கட்டிலைக் கொண்டுபோனார். தலைமாட்டை அவர் பிடிக்க, கால்மாட்டைக் கோகிலவாணியே பிடித்துக்கொண்டாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து அவர் பார்த்ததில்லை. பிறகு டிவி போயிற்று. தலையணை, கொசுவலை, தண்ணீர்க் குடம் எல்லாம் அவர் கேட்காமலேயே வந்து சேர்ந்தன.

இப்போது பேட்டரிக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒயர் இரண்டு முழம்கூட இல்லை. குப்புராஜ் மாதேஷைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார்.

"சொட்டு கரண்டு வீணாவல, பாத்தியா?"

"ஆவலதாண்ணா. ஆனா வூட்ல சோலாரே இல்லியே?"

"வூட்ல நானே இல்ல. அப்புறம் எதுக்குடா அங்க சோலாரு?"

பதினைந்து நாள் அப்படி ஓடியது. வேளாவேளைக்குச் சாப்பாடு கொட்டாய்க்கே வந்தது. குப்புராஜ் படுத்ததும் தூங்கிப்போனார்.

ஆனால் மனசுக்குள் ஒரு உறுத்தல் வந்தது. கட்டிய மனைவி மகள் அறையில், பழைய ஃபேனுக்கு அடியில் கிடக்கிறாள். தான் மட்டும் இங்கே காற்று வாங்குகிறோம். ஒரு வார்த்தை குறை சொன்னாளா? சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் முகம் மலர்ச்சியாகத்தான் இருந்தது. தனக்காகத்தான் அப்படிச் சிரித்துக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

செலவு ஆனால் ஆகிறது, தடி ஒயரே வாங்கிவிடுவோம். கட்டிலோடு வீட்டுக்கே திரும்பிவிடுவோம். காலையில் எழுந்ததும் இதை அவளிடம் சொல்ல வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

கொல்லைப் பக்கம் வந்தபோது பேச்சுக் குரல் கேட்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டு சகாயமேரி, கோகிலவாணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"கோகிலாக்கா, எங்கூட்டுக்காரரு கொறட்டை உங்கூட்டு அண்ணனோடத விடப் பெருசுங்க. எண்பது மீட்டரு ஒயரு எங்களுக்குப் பத்துமா, இல்ல இன்னும் கொஞ்சம் தள்ளி வெக்கணுமா?"