வாளிக்கு விழாத ஒரு ஓட்டு

தேர்தல் முடிவை முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவன் என்று நான் என்னை நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மூன்றேகால் மணிக்கு அது முடிந்தது. இவ்வளவு துல்லியமாக நேரம் சொல்கிறேனே என்று ஆச்சரியப்பட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் நேரம் இருக்கிறது. அந்த ஸ்கிரீன்ஷாட் இன்றைக்கும் எங்கள் ஊரில் பல பேர் போனில் பத்திரமாக இருக்கிறது.

ஊர், உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், மாமனார் இன்னும் அங்கேதான் கடை வைத்திருக்கிறார். எனக்கு வேலை தூத்துக்குடியில், ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில். கப்பலேறும் சரக்குக்கான தாள்களைச் சரிபார்க்க வேண்டும். கன்டெய்னர் நம்பரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பெட்டி துறைமுக வாசலைத் தாண்டாது. அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிரிக்க உதவும்.)

போக வர பஸ்ஸில் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில்தான் நான் தேர்தல் நிபுணன் ஆனேன். எங்கள் வார்டுக்கென்று செல்போனில் ஒரு குரூப் இருந்தது. தண்ணீர் எப்போது வரும், யார் வீட்டு ஆட்டைக் காணோம் என்று கேட்பதற்காக ஆரம்பித்த அப்பாவி குரூப். நான் சேர்ந்த பிறகு அதில் 'சாம்பிள் சைஸ்', 'பிழை வரம்பு' என்றெல்லாம் வார்த்தைகள் புழங்கின. ஆட்டைத் தொலைத்தவர்கள் என் நீண்ட கட்டுரைகளுக்கு நடுவே ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சரிக்குச் சரி வாதம் செய்தவர் ஒரே ஒருவர், முருகேசண்ணன். சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடப்பதால் குரூப்பிலும் இருந்தார். கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் என்னோடு மல்லுக்கு நிற்பார்.

"கருத்துக்கணிப்பு எடுக்கதே சனத்த மாத்தத்தான் தம்பி" என்பது அவர் கட்சி.

"எந்த வாக்காளரும் கருத்துக்கணிப்பைப் பார்த்து ஓட்டை மாற்றுவதில்லை. அப்படி மாற்றிய ஒரே ஒருவரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். அன்றே இந்தக் குரூப்பை விட்டு விலகுகிறேன்" என்று நான் அறிக்கை விட்டேன். பத்துப் பேர் கட்டை விரல் போட்டார்கள். அதில் எட்டுப் பேர் படித்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பேசினார்கள். பெண் இரண்டு தெரு தள்ளி, அதே வார்டு. பெயர் சுபா. எம்.எஸ்சி. முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா பெயிண்ட் கடை அண்ணாச்சி. பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே அண்ணாச்சி என்னை 'மாப்ள' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் சுபாவை மிகவும் பிடித்திருந்தது. தூக்கத்தில்கூடச் சிரித்தேன் என்று அம்மா சொன்னாள். நிச்சயதார்த்தம் மட்டும் பாக்கி. அதற்குள் உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டது, அண்ணாச்சி எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றுவிட்டார். தேர்தல் முடிந்த கையோடு நிச்சயம் என்று முடிவானது.

அண்ணாச்சிக்குக் கிடைத்த சின்னம் வாளி. பெயிண்ட் கடைக்காரருக்கு வாளி கிடைத்ததை ஊரே நல்ல சகுனம் என்றது. எதிர்த்து நின்றவர் ஒருவர்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கிரேஸ் டீச்சர். ஊரில் படித்த பெண்களில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள், மீதிப்பேர் அவர் சிபாரிசில் கல்லூரிக்குப் போனவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார்.

"மாப்ள, நீங்க என்னமோ சர்வேலாம் எடுப்பியளாமே. நம்ம வார்டுக்கு ஒண்ணு எடுங்களேன். நெலவரம் தெரிஞ்சுக்கிடலாம்லா."

மூன்று வருடமாக நான் காத்திருந்த அழைப்பு. அன்று மத்தியானமே குரூப்பில் வாக்கெடுப்பு வைத்துவிட்டேன். இரண்டு பெயர். மேலே முன்னுரை: 'இது முற்றிலும் ரகசிய வாக்கெடுப்பு. யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அச்சமின்றி வாக்களிக்கவும்.' அந்த 'அச்சமின்றி' என்ற வார்த்தையை யோசித்துப் போட்டேன்.

ஓட்டு விழ ஆரம்பித்தது. அண்ணாச்சிக்குப் பத்து, இருபது, முப்பது. டீச்சருக்குப் பூஜ்யம். எனக்கு உறுத்தியது. ஒரு பக்கம் வெறும் பூஜ்யம் இருந்தால் கணிப்பை யார் நம்புவார்கள்? முருகேசண்ணன் விடுவாரா? கணிப்பின் நம்பகத்தன்மைக்காக, முழுக்க முழுக்க ஆராய்ச்சி நோக்கத்தோடு, டீச்சர் பெயரில் ஓர் ஓட்டைப் போட்டேன். (ரகசியம்தானே!) பெயர்களுக்கு நேரே ஓரத்தில் பொடிப்பொடியாக சில வட்டங்கள் தெரிந்தன. அலங்காரம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்து முடிவை வெளியிட்டேன். டீச்சருக்கு மொத்தம் மூன்றே ஓட்டு. 'வாளி ஜெயிப்பது உறுதி. எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கேள்வி' என்று எழுதி, படம் எல்லாம் வரைந்து போட்டேன். அண்ணாச்சி இரண்டு கை கூப்பிப் பதில் அனுப்பினார்.

மூன்றேகால் மணிக்கு நான் ஆபீசில் ஒரு கன்டெய்னர் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது முருகேசண்ணனிடமிருந்து குரூப்புக்கு ஒரு படம் வந்தது. அந்தப் பொடி வட்டத்தைத் தொட்டால், ஓட்டுப் போட்ட எல்லாருடைய பெயரும் போட்டோவோடு வருமாம். டீச்சர் பெயருக்குக் கீழே மூன்று பெயர்கள். அவற்றைச் சுற்றி சிவப்பில் கட்டம். கீழே முருகேசண்ணனின் குறிப்பு:

"தம்பி, ரகசியம்னு போட்டிருக்கியே, ஆளுவ பேரோட தெரியுதேலே! மொத ஆளே நீதான். ரெண்டாவது ஒங்கம்மா!"

மூன்றாவது ஆள் அண்ணாச்சியின் எதிர்க்கடைக்காரர். அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. பெயர் தெரியும் என்ற விவரம் என்னைத் தவிர வார்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் எல்லாரும் மரியாதையாக அண்ணாச்சிக்குப் போட்டிருக்கிறார்கள். என் வார்த்தையை நம்பி, மனதில் இருந்ததை அச்சமின்றிப் போட்டது என் அம்மா ஒருத்திதான்.

உடனே அந்த வாக்கெடுப்பைத் தேடிப்பிடித்து அழித்தேன். போய்விட்டது, சுத்தமாகப் போய்விட்டது. அவசரத்தில் 'எல்லாருக்கும் நீக்கு' என்பதை விட்டுவிட்டு 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அழுத்தியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. ஓர் எழுத்து மாறினாலும் கண்டுபிடிக்கிறவன் நான்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏலே, நீதானல ரகசியம்னு போட்ட?"

"நீ ஏம்மா டீச்சருக்குப் போட்ட?"

"தெருவெளக்கு எரியலன்னு டீச்சருதான எழுதிக் குடுத்தாக. நீ ஏம்ல போட்ட?"

ஆராய்ச்சி நோக்கத்தை அம்மாவிடம் விளக்கி ஆகப்போவதில்லை என்று நேராகப் பெயிண்ட் கடைக்குப் போனேன். எப்படியும் அதை அழித்தாகிவிட்டது, முருகேசண்ணன் போட்ட படம் ஜோடித்தது என்று சொல்லிவிடலாம் என்ற தைரியம். அண்ணாச்சி கல்லாவில் போனோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி" என்றார்.

தம்பி! நேற்றுவரை மாப்ள.

"மாமா, குரூப்ல யாரோ என்னமோ கெளப்பி விட்டுருக்காங்க. அப்படி ஒரு சர்வேயே இல்ல. நீங்களே பாருங்க" என்று என் போனை நீட்டினேன்.

அண்ணாச்சி தன் போனை என் பக்கம் திருப்பினார். அதில் வாக்கெடுப்பு அப்படியே இருந்தது. என் போட்டோவும் இருந்தது, கூலிங் கிளாஸோடு.

"அது வந்து மாமா... ஒரு பக்கம் பூஜ்யம் இருந்தா கணிப்புக்கு நம்பகத்தன்மை இருக்காதுன்னு..."

"சரி. ஒங்கம்மாவும் நம்பகத்தன்மைக்குத்தான் போட்டாகளோ?"

பின்பக்கம் கதவோரத்தில் சுபா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

"தேர்தல் முடியட்டும் தம்பி. மத்ததப் பெறவு பேசுவம்" என்றார் அண்ணாச்சி. எழுந்து ஒரு டப்பாவைக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆக, என் கல்யாணம் வாளி கையில் போய்விட்டது. அடுத்த பத்து நாளும் லீவு போட்டுவிட்டு அண்ணாச்சிக்காக அலைந்தேன். கையில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறினேன். எந்த வீட்டில் வாயைத் திறந்தாலும், "நீயே டீச்சருக்குத்தானல போட்ட?" என்று ஒரு சிரிப்பு. ஒரு பெரியம்மா, வந்ததே வந்தாய் என்று அந்த வாளியில் குழாயடியிலிருந்து தண்ணீர் பிடித்துத் தரச் சொன்னாள். பிடித்துக் கொடுத்தேன்.

வாக்கு எண்ணிக்கையில் அண்ணாச்சி தோற்றார். ஒரே ஓட்டில்.

மறுபடி எண்ணச் சொன்னோம், எண்ணினார்கள், அதே ஒரு ஓட்டு. அங்கே நின்றவர்கள் எல்லாரும் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வார்டில் எத்தனையோ பேர் டீச்சருக்குப் போட்டிருக்க, அந்த ஓர் ஓட்டு என்னுடையதுதான் என்று ஒரு நிமிடத்தில் தீர்ப்பாகிவிட்டது. வாளிக்குத்தான் போட்டேன் என்று திருச்செந்தூர் முருகன் மேல் சத்தியம் செய்தேன். அம்மாவும் தன் பங்குக்குச் செய்தாள். யாரும் நம்பவில்லை. கடைசியில் அங்கிருந்த அதிகாரியிடமே போய், "சார், என் ஓட்டை மட்டும் எடுத்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"தம்பி, அது ரகசிய வாக்கெடுப்பு" என்றார் அவர்.

நான் ரகசியம் என்று சொன்னது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் முழுக்கத் தெரிந்தாக வேண்டிய ஒன்று ரகசியமாகவே நின்றுவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். அண்ணாச்சி தோற்றதற்காக அல்ல.

நான்காம் நாள் அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தது, நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம் என்று. என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு மாமியார் சொல்லித்தான் தெரியும். சுபா தன் அப்பாவிடம் நேராகப் பேசியிருக்கிறாள்.

"யப்பா, அவுக ஒங்களுக்குத்தான் போட்டுருக்காக. எனக்குத் தெரியும்."

"ஒனக்கு எப்படிளா தெரியும்?"

"எனக்கு நல்லாத் தெரியும்ப்பா."

அவ்வளவு உறுதியாக மகள் சொல்லும்போது அவர் என்ன செய்வார்? இதைக் கேட்டு நான் உருகிப்போனேன். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திராத ஒரு பெண்ணுக்கு என் மேல் எத்தனை நம்பிக்கை! ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். கல்யாண மேடைக்கு வார்டு உறுப்பினர் கிரேஸ் டீச்சர் வாழ்த்த வந்தபோது, அண்ணாச்சி என் தோளில் கைபோட்டு, "டீச்சர், இவருதான் ஒங்க மொத ஓட்டு" என்று அறிமுகப்படுத்தினார். மண்டபமே சிரித்தது. ஆனாலும் அன்று அவர் என்னை மறுபடி 'மாப்ள' என்று கூப்பிட்டார், அது போதும் என்று நானும் சிரித்துவைத்தேன்.

அதிலிருந்து மாமனார் வீட்டில் எதையும் என்னிடம் கேட்டு முடிவு செய்வதில்லை. இட்லியா தோசையா என்று மாமியார் கேட்டால்கூட, "மாப்ளட்ட கேக்காத. இட்லின்னு சொல்லிட்டு ரகசியமா பூரிக்குப் போட்டுருவாரு" என்பார் மாமனார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. போன மாதம் அடுத்த தேர்தல் பேச்சு குரூப்பில் கிளம்பியது. முருகேசண்ணன் பழைய பல்லவியை எடுத்தார், நானும் விடாமல் பழைய பதிலைத் தட்டிக்கொண்டிருந்தேன்: 'கருத்துக்கணிப்பைப் பார்த்து ஓட்டை மாற்றிய ஒரே ஒருவரை...'

பக்கத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த சுபா எட்டிப் பார்த்தாள்.

"மாத்துவாக" என்றாள்.

"யாரு மாத்துனா? ஒரு ஆளக் காட்டு பாப்பம்."

"நாந்தான்."

நான் போனைக் கீழே வைத்தேன்.

"அப்பா எப்படியும் ஜெயிச்சிருவாக, எவ்வளவு வித்தியாசம்ங்கதுதான் கேள்வின்னு நீங்கதான போட்டிய? பன்னெண்டாப்போட போதும்னு அப்பா சொன்னப்ப, வீட்டுக்கே வந்து சண்ட போட்டு என்னக் காலேஜுக்கு அனுப்புனது டீச்சரு. அவுகளுக்கு மூணே ஓட்டுன்னு பாத்ததும் பாவமா இருந்திச்சி. அப்பாதான் ஜெயிக்கப் போறாகளே, நம்ம ஒண்ணு டீச்சருக்கு விழட்டும்னு போட்டுட்டேன்."

அவள் வாளியில் போட்டிருந்தால் அண்ணாச்சி ஜெயித்திருப்பார். 'எனக்கு நல்லாத் தெரியும்' என்று அவள் சொன்னதற்கும் எனக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. ஆபீசில் பெருமைப்பட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"இத்தன வருசமா என்னய எல்லாரும் சிரிக்காகளே, பாத்துட்டுச் சும்மாவா இருந்த?"

"இப்பப் போயி அப்பாட்ட சொல்லுங்களேன், நானா வேண்டாங்கேன்?" என்று அடுத்த தாளை எடுத்தாள்.

வாக்கு வாக்குதான். முதலில் குரூப்பை விட்டு விலகினேன். காரணம் கேட்டு முருகேசண்ணன் நான்கு முறை போன் செய்தார், எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் சுபா, "ஆமாப்பா, நாந்தான் போட்டேன்" என்றும் சொன்னாள்.

மாமனார் மகளை வாஞ்சையோடு பார்த்தார். "புருசன விட்டுக் குடுக்காளா பாரு!" என்று மாமியாரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செஞ்சதுதான் செஞ்சிய, சரின்னு விட்டாச்சி. அதத் தூக்கி எம்மவ தலையில போடுதியளே, நல்லாவா இருக்கு தம்பி?"

அன்றிலிருந்து தம்பிதான்.