சுண்ணாம்பு மலை மேல் போட்ட பழி

படிக்காதவன் தப்பு செய்தால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். படித்தவன் அதற்கு வரைபடம் போட்டு விளக்கம் கொடுப்பான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். ஆகவே முதல் வரைபடமும் என்னுடையதுதான். அதைப் பற்றிய வாக்குமூலம் இது.

அப்பாவும் அம்மாவும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபோது நாங்கள் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தோம். நான் வாகனப் பொறியியல் படித்து, கார்களுக்கு சென்சார் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். இதில் அப்பாவுக்கு ஒரு மனக்குறை. மகன் காடி இஞ்சினியர், எந்தக் காரையும் பிரித்து மாட்டுவான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். தெருவும் நம்பி, ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வரும். எனக்கு பிளக் எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூடச் சரியாகத் தெரியாது. நான் இஞ்சினை உற்றுப் பார்த்து, "ம்ம்" என்பேன். "டிகிரி வாங்குனவன்லா, கையில அழுக்குப் படக்கூடாது" என்று அப்பா என் மானத்தைக் காப்பாற்றுவார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. காரின் பம்பரில் சட்டைப் பொத்தான்போல வட்டமாகச் சில இருக்குமே, அந்தச் சென்சார். மற்ற கம்பெனிகளின் சென்சார் சுவரைப் பார்க்கும், தூணைப் பார்க்கும், மெல்லிய சாமான்களைக் கோட்டைவிடும். எங்களுடையது, முன்னால் ஒரு கயிறு தொங்கினாலும் கண்டுபிடித்துக் காரை நிறுத்திவிடும். மூன்று வருடம் நான் வாங்கிய சம்பளம் அந்தக் கயிற்றுக்காகத்தான்.

அந்தச் சமயத்தில் தலைமைப் பொறியாளர் நாற்காலி காலியானது. எங்கள் கம்பெனித் தலைவர் சுல்தானிடம் பட்டம் வாங்கிய ஒரு டத்தோ. தெலுக் இந்தானில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். வெளிநாட்டிலிருந்து இரண்டு வாடிக்கையாளர்கள் மறுநாள் வருவதாக இருந்தது. டத்தோ என்னைக் கூப்பிட்டு, "தம்பி, காடி தானா பார்க்கிங் பண்றத அவங்களுக்கு நீதான் காட்டுற. நல்லா செஞ்சா அந்த நாற்காலி ஒனக்கு" என்றார்.

அன்று மாலை நான் செய்த முதல் தப்பு: சோதனைக் காரை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அது தொழிற்சாலையை விட்டு வெளியே போகக் கூடாது. பதிவேட்டில் 'சாலைச் சோதனை' என்று எழுதினேன். (பொய் இல்லை. சாலை எங்கள் வீட்டுச் சாலை. சோதனை, எத்தனை பேர் வாய் பிளக்கிறார்கள் என்பது.)

அம்மா காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்த கயிறு.

"அம்மா, இது நம்ம காடி இல்ல. கம்பெனி காடி."

"கம்பெனி காடின்னா இடிக்காதா?"

"இடிக்காது. அதுக்குத்தான் சென்சார். பன்னெண்டு இருக்கு. சுத்திச் சுத்திப் பாக்கும்."

"பாக்கட்டும். பாக்குறது அது வேல. கட்டுறது என் வேல."

அப்பா அதற்குள் நான்கு டயருக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்துடா" என்றார். ஏற்றினேன். அம்மா முன் பம்பரில் கயிற்றைக் கட்டினார். நான் அறிவியல், மூடநம்பிக்கை, எங்கள் இனத்தின் முன்னேற்றம் என்று வாசலில் நின்று கால் மணி நேரம் பேசினேன். எதிர் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். அம்மா முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "சாப்புட வாறியா?" என்றார்.

மறுநாள் காலையில் அவர் கண்ணெதிரே கயிற்றை அவிழ்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. திட்டியிருந்தால் அதைக் குப்பையில் போட்டிருப்பேன். சொல்லாததால் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தொழிற்சாலை வாசலுக்கு நூறு அடி முன்னால் வேகத்தைக் குறைத்தேன். அந்த நாற்காலி, அந்த இரண்டு வெளிநாட்டவர், டத்தோவின் முகம் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. பக்கத்தில் எலுமிச்சம்பழம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. காரை ஓரம் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, குனிந்து, யார் கண்ணிலும் படாதபடி பம்பருக்கு அடியில் கட்டினேன். மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசிய அதே வாயால், "சாமி, பாத்துக்க" என்றேன்.

யார் கண்ணிலும் படவில்லை. சென்சார் கண்ணில் பட்டது.

தொழிற்சாலைத் திடலில் கூடாரம், நாற்காலிகள், தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக். நான் கோட்டு போட்டிருந்தேன். (ஈப்போ வெயிலில் கோட்டு.) ஆங்கிலத்தில் அழகாக ஒரு முன்னுரை கொடுத்துப் பார்க்கிங் பொத்தானை அழுத்தினேன். (அதை அழுத்தும்வரை சென்சார் தூங்கும்.) கார் ஒரு சாண் நகர்ந்து 'பீப்' என்று நின்றது. நின்ற வேகத்தில் அடியில் பழம் முன்னால் ஊசலாடிப் பின்னால் போக, வழி கிடைத்துவிட்டதென்று கார் இரண்டடி பாய்ந்தது. பழம் திரும்பி வந்தது. பீப். மறுபடி பாய்ச்சல். மறுபடி பீப். மூன்று வருட ஆராய்ச்சி, தவளைபோலத் தத்தித் தத்தி வாடிக்கையாளர்களை நோக்கிப் போனது. அவர்கள் நாசி லெமாக் தட்டுடன் எழுந்து பின்வாங்கினார்கள். நான் ஓடிப்போய் காரை அணைத்தேன்.

அங்கே குனிந்து பார்த்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கோட்டு போட்டவன் குனிவானா? கட்டியதே என் மூளையில் இல்லை. பயத்தில் செய்ததை மனிதன் எவ்வளவு சுத்தமாக மறந்துவிடுகிறான் பாருங்கள்.

முதலில் வெப்பநிலை என்றேன். டத்தோ தலையாட்டவில்லை. ஈரப்பதம் என்றேன். அதற்கும் இல்லை. நிமிர்ந்தேன். எதிரே ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள். எனக்கு ஒளி பிறந்தது.

வெள்ளைப் பலகையை இழுத்து வந்து மலையை வரைந்தேன். காரை வரைந்தேன். சென்சார் அனுப்பும் ஒலி மலையில் பட்டு எதிரொலித்துத் திரும்புவதை அம்புக்குறி போட்டுக் காட்டினேன். சுண்ணாம்புக் கல்லின் அடர்த்தி, குகைகளின் ஆழம், காலை நேரக் காற்று என்று இருபது நிமிடம். (அந்த ஒலி இரண்டு ஆள் நீளத்துக்குமேல் போகாது. மலை மூன்று மைலுக்கு அப்பால்.) வாடிக்கையாளர்கள் குறிப்பெடுத்தார்கள். ஒருவர், எந்த மலை என்று கேட்டார். நான் காட்டினேன்.

அப்போதுதான் எங்கள் டெக்னிஷியன் ஹமீட், ஸ்க்ரூடிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டே காருக்கு முன்னால் உட்கார்ந்தான். அடியில் கையை விட்டான். எலுமிச்சம்பழத்தைக் கயிற்றோடு வெளியே எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தான்.

"பாஸ்" என்றான் மலாயில், "மலை கிடைத்துவிட்டது."

டத்தோ என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குப் புரியாமலிருக்கத் தமிழில், மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, யாரு கட்டுனது?"

என் வாழ்க்கையின் மிகக் கேவலமான வாக்கியத்தை அப்போது சொன்னேன்.

"எங்கம்மா, டத்தோ."

கயிற்றை எடுத்தபின் கார் ஒழுங்காகப் பார்க்கிங் செய்தது. வாடிக்கையாளர்களுக்கு எலுமிச்சம்பழம்தான் மிகவும் பிடித்திருந்தது. ஒரு சின்னப் பழத்தைக்கூட விடாமல் பார்த்துவிட்டதே என்று சென்சாரை வாங்க அங்கேயே ஒப்புக்கொண்டார்கள். தலைமைப் பொறியாளர் நாற்காலி எனக்கு வரவில்லை. ஹமீடுக்கு மேலாளராக இருந்த இன்னொரு பொறியாளருக்குப் போனது. டத்தோ என்னை அறைக்கு அழைத்து, "நீ இஞ்சினியரிங்ல இருக்க வேணாம் தம்பி, காடிக்கு ஆபத்து. தெரியாத விசயத்த இருவது நிமிசம் படம் போட்டுப் பேசுனியே, அந்த மாதிரி ஆளு எனக்கு மேல் மாடியில வேணும்" என்றார். இப்படித்தான் நான் நிர்வாகி ஆனேன். தண்டனையா பதவி உயர்வா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டில், எல்லாம் நன்றாக நடந்தது, மேல் மாடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு டத்தோ எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு முறுக்கு சாப்பிட்டார். அம்மாவைப் பார்த்துச் சிரித்து, "நீங்கதானா அன்னிக்கு கம்பெனியில ஓடுன காடிக்கு அடியில எலுமிச்சங்கா கட்டிவிட்ட அம்மா? ஒங்க மவன் சொன்னாப்புல" என்றார்.

அப்பாவுக்குப் புரை ஏறியது. அம்மா தன் கண்ணெதிரே அவிழ்க்கப்பட்ட கயிற்றை நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். டத்தோ வருகிறார் என்று நான் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த முறுக்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க டத்தோ" என்றார் அம்மா. "நாந்தான் கட்டுனேன். படிச்ச புள்ள, அவனுக்கு இதெல்லாம் புடிக்காது."

டத்தோ போனதும் கதவைச் சாத்திவிட்டு, அம்மா எனக்கு இன்னொரு முறுக்கு வைத்தார்.

அன்றிலிருந்து அவர் சொல்லி நான் கடைசிவரை மறுத்த காரியம் எதுவும் இல்லை. போன மாதம்கூட, ஒரு கல்யாணத்துக்குத் தைப்பிங் வரை அவரையும் மூன்று அத்தைகளையும் கூட்டிப்போக வேண்டும் என்றார். மீட்டிங் இருக்கிறது, முடியவே முடியாது என்றேன். அம்மா கைப்பேசியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாகத் தேட ஆரம்பித்தார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"டத்தோ நம்பர்லா. ஒரு சின்ன விசயம் திருத்தணும்."

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. அத்தைகளுக்குக் குடை பிடித்தது நான்தான்.