பல் டாக்டரின் அகலச் சேணம்

"இந்த வருஷம் கொடி என் கையிலதான்!" என்று பல் டாக்டர் அறிவித்தபோது அவர் மனைவி தன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தக் கொடி?"

"குதிரைக் கிளப் கொடி. ஆண்டு விழா ஊர்வலத்துல மின்னல் மேல ஏறி முன்னாடி போகப் போறேன்."

"மின்னல் உங்களை ரெண்டு தடவை கீழ தள்ளியிருக்கு."

"தள்ளலை. நான் இறங்கினேன்."

"தலைகீழாவா?"

ஊரார் வாயைத் திறக்க வைப்பது டாக்டர் தொழில். மூட வைப்பது அவள் தொழில். அவள் வக்கீல். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் நடந்த எந்த வழக்கிலும் டாக்டர் ஜெயித்ததில்லை. பல வழக்குகளில், வழக்கு ஒன்று நடந்தது என்பதே தீர்ப்புக்குப் பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

இருவரும் ஒரே நாளில் குதிரைக் கிளப்பில் சேர்ந்தவர்கள். அவர்கள் பங்குக்கு இரண்டு குதிரைகள். மின்னல் ஒல்லியான பெண் குதிரை. ஒடுங்கிய முதுகு. தோளுக்கு மேலே எலும்பு மேடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தூரத்தில் யாராவது குடையை விரித்தால் இது இங்கே பறக்கும். இன்னொரு குதிரையின் பெயர் சோபா. அப்படியொரு அகலம், அப்படியொரு நிதானம். அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் டிவி ரிமோட்டைத் தேடத் தோன்றும்.

இதில் எந்தக் குதிரை யாருக்கு என்பதுதான் பிரச்சினை. மின்னலில் போகிறவருக்கே கொடி. வக்கீலம்மா மின்னலை வளைத்து வளைத்து ஓட்டுவாள். டாக்டரை மின்னல் வளைத்து வளைத்து ஓட்டும். ஆனால் இதை அவரிடம் நேராகச் சொல்ல முடியாது. போன வருஷம் சொல்லிப் பார்த்தாள். மனிதர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் பாவம்.

"இன்னொண்ணு," என்றார் டாக்டர். "இந்தத் தடவை அவங்கவங்க சேணத்தை அவங்கவங்களே கொண்டு வரணுமாம். சேணம், கடிவாளம் எல்லாம் நானே பாத்துத் தேர்ந்தெடுப்பேன். நீ தலையிடக் கூடாது."

"தலையிடலை."

அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டதும் வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். டாக்டர் பெருமைப்பட்டார்.

பெருமைப்பட அவருக்கு உரிமை இல்லாமலில்லை. கடிவாள விஷயத்தில் அவர் செய்த வேலை அப்படி. மின்னலுக்கு ஓயாமல் தலையை உதறும் பழக்கம். எல்லோரும் அதைத் திமிர் என்றார்கள். டாக்டர் மட்டும், "வாய்க்குள்ள பாத்தீங்களா?" என்று கேட்டார். டார்ச்சோடு லாயத்துக்குப் போனார். பயிற்சியாளர் குதிரையைப் பிடித்துக்கொள்ள, பக்குவமாக வாயைத் திறந்து பார்த்தார்.

குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் கம்பி அங்கேதான் உட்கார வேண்டும். மின்னலுக்கோ சின்ன வாய், தடித்த நாக்கு. பழைய கம்பி தடிமனாக இருந்து நாக்கை அமுக்கியது. போதாததற்கு நீளமும் அதிகம். இப்படியும் அப்படியும் நகர்ந்து உதட்டோரத்தை உரசிப் புண்ணாக்கியிருந்தது.

"இதுக்குத் திமிரும் இல்லை ஒண்ணும் இல்லை. வலி!" என்றார் டாக்டர்.

புண் ஆறும்வரை அதன் வாயில் எதையும் மாட்டவிடவில்லை. பிறகு வாயை அளந்து, நாக்குக்கு இடம் விட்டு வளைந்த மெல்லிய கம்பியாகத் தேடிப் பிடித்து மாட்டினார். மின்னல் ஒரு முறை மென்று பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி அமைதியாக நடந்தது.

பயிற்சியாளருக்கு விசில் மாஸ்டர் என்று பெயர். விசில் அவர் வாயைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. அன்று இறங்கியது. "டாக்டர்! நீங்க பெரிய ஆளு!"

அந்த ஒரு வார்த்தை டாக்டரின் தலையில் ஏறி உட்கார்ந்தது. சேணம் போடாமலே. வாயையே பார்த்தாகிவிட்டது, இனி முதுகு என்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டார்.

சேணக் கடையில் புதுத் தோல் வாசனை தூக்கியடித்தது. மர ஸ்டாண்டுகளில் சேணங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டாக்டர் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினார். கடைசியில் இரண்டு தேறின. ஒன்று பழுப்பு நிறம், குறுகலானது, அலங்காரமே இல்லாதது. மற்றது கறுப்பு, அகலமானது, ஓரமெல்லாம் தங்க நிற நூல்.

வக்கீலம்மா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "என்னங்க, அந்த அகலமானது வேண்டாம். உங்களுக்கு இந்த ஒல்லியானதே போதும்."

"போதும்னா?"

"அகலமானதெல்லாம் பெரிய பெரிய வீரர்களுக்கு. நமக்கு எதுக்கு?"

டாக்டர் அந்தக் கணமே அகலமானதில் ஏறி உட்கார்ந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். எதிரே கண்ணாடி. அதில் ஒரு தளபதி தெரிந்தார்.

கடைக்காரர் பின்னால் வந்து பார்த்தார். "இருக்கை உங்களுக்குக் கச்சிதம் சார். ஆனா இருக்கை நமக்கு, உள்ள இருக்கிற மரச் சட்டம் குதிரைக்கு. உங்க குதிரைக்கு முதுகு எப்படி?"

"முதுகா? எல்லாக் குதிரைக்கும் இருக்கிற இடத்துலதான் இருக்கு."

"அது இல்ல சார். அகல முதுகா, ஒடுக்கமா..."

"இங்க பாருங்க. ஊர்லயே குதிரை வாயைத் திறந்து பாத்து கடிவாளம் வாங்கின ஒரே ஆள் நான். குதிரையைப் பத்தி எனக்கே பாடமா?"

கடைக்காரர் வக்கீலம்மாவைப் பார்த்தார். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். நீங்களே கேட்டீங்கல்ல?" என்றாள் அவள்.

"கேட்டேம்மா."

"நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க."

அப்புறம் அந்தப் பழுப்புச் சேணத்தைத் தடவிப் பார்த்து, "பாவம், யாரும் சீண்டாம கிடக்கு. எனக்கு எதுவா இருந்தா என்ன, இதையே எடுத்துக்கிறேன்," என்றாள். டாக்டருக்கு மனைவி மேல் இரக்கமே வந்துவிட்டது. வழியெல்லாம் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

விழா நாள். மைதானம் நிறையக் கூட்டம். டாக்டர் தங்க நூல் பளபளக்கச் சேணத்தைத் தோளில் சுமந்து வந்து மின்னலின் முதுகில் வைத்தார். வாரை இறுக்கப் போனவரை ஒரு விசில் நிறுத்தியது.

விசில் மாஸ்டர் வந்து சேணத்தின் முன்பக்கத்துக்கு அடியில் விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"டாக்டர், முதுகெலும்பு மேலயே உக்காருது. விரல் போக இடம் இல்லை. ஆள் ஏறினா எலும்பை நசுக்கிடும். இது இதுக்கு ஆகாது."

"வார் இறுக்கினா சரியாயிடும்!"

"ஷூ பெருசா இருந்தா லேஸை இறுக்கினா சரியாயிடுமா?"

சேணம் அங்கிருந்து சோபாவின் முதுகுக்குப் போனது. தைத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. எங்கும் தூக்கவில்லை, எங்கும் அழுத்தவில்லை. சோபா திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டது.

அதற்குள் பழுப்புச் சேணம் மின்னல் மேல் ஏறியிருந்தது. விசில் மாஸ்டரின் விரல்கள் அதன் அடியில் தாராளமாகப் போய் வந்தன. "அற்புதம்! கொடியை அம்மா கையில குடுங்க!"

டாக்டர் தன் மனைவியின் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்தார். "எல்லாம் தெரிஞ்சுதானே பண்ணினே?"

"கடையில நான் என்ன சொன்னேன்? அகலமானது வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"எது போதும்னு சொன்னேன்?"

"ஒல்லியானது."

"அது மின்னலுக்குப் பொருந்துதா இல்லையா?"

"பொருந்துது."

"அப்ப நான் சொன்னதைக் கேட்டிருந்தா இன்னைக்குக் கொடி யார் கையில இருந்திருக்கும்?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார்.

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அது வேற விஷயம்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மின்னல் மூணாவது தடவை உங்களை இறக்கி, கை ஒடிஞ்சா? ஊர்ல பாதிப் பேர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு எங்க போவாங்க? நான் எங்க போவேன்?" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

இதற்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று அவர் முடிவு செய்வதற்குள் ஊர்வலம் கிளம்பிவிட்டது.

முன்னால் மின்னல். கூட்டம் கத்தியது, மேளம் அதிர்ந்தது, குழந்தைகள் பலூனை உடைத்தன. மின்னல் காதை மட்டும் அசைத்தது. ஒரு முறைகூடத் தலையை உதறவில்லை. கடைசி வரிசையில் சோபா. அதன் மேல் டாக்டர். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிடரி மயிரைப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. கால் தானாக அங்கவடியில் பொருந்தியது. சேணம் சரியாக இருந்தால் சவாரி இப்படித்தான் இருக்குமா! தான் தேர்ந்தெடுத்த சேணம்தானே என்று நினைத்தபோது அவர் நெஞ்சு இன்னும் இரண்டு அங்குலம் விரிந்தது.

முடிவில் மைக்கில் வக்கீலம்மாவைப் பேசச் சொன்னார்கள். "இந்தக் குதிரை இவ்வளவு அழகா நடந்ததுக்குக் காரணம் நான் இல்லை. வலின்னு அதுக்குச் சொல்லத் தெரியலை. எங்க வீட்டுக்காரர் வாயைப் பாத்துக் கண்டுபிடிச்சார்," என்றாள். மைதானமே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. டாக்டர் சோபா மேலிருந்தே கையசைத்தார். கண்ணில் தூசி விழுந்ததாகத் துடைத்துக்கொண்டார்.

காரில் திரும்பும்போது அவருக்கு மனசு நிறைந்திருந்தது. அவளும் சிரித்த முகமாக இருந்தாள்.

"கவலைப்படாதீங்க. அடுத்த வருஷம் மின்னல் உங்களுக்குத்தான்."

"நிஜமாவா?"

"சத்தியமா. மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். அது குட்டி போடப் போகுதாம். விழா சமயத்துல கைக்குட்டியோட லாயத்துல இருக்கும். பக்கத்துல நம்பிக்கையான ஒரு டாக்டர் வேணுமாம்."

"அப்போ கொடி?"

"அதுக்கென்ன, எனக்கு சோபா இருக்கு," என்றாள் வக்கீலம்மா. "அதுக்குன்னே சேணமும் பாத்துப் பாத்து வாங்கி வெச்சிருக்கீங்களே!"