நேர் எதிரே இருந்த நேர்முகத் தேர்வு

போகாத ஊருக்கு வழி சொல்வதில் எனக்கு அசாத்தியத் துணிச்சல் உண்டு. இருபத்தாறு வயதில் அது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

என் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. காலை ஒன்பது மணிக்கு. தாமதமாக வருபவர்களை உள்ளே விடமாட்டோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் ஈப்போவைத் தாண்டியதில்லை. கேமரன் மலைத் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நான், பயணப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன் (யாரும் கொடுக்கவில்லை). ஆபீஸ் பிரிண்டரில் நான்கு பக்கத் திட்டம் தயாரானது. கழிப்பறைக்குக்கூடப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுத்ததில்தான் எனக்குத் தனிப் பெருமை. கைப்பேசி வரைபடத்தில் அது மருத்துவமனைக்கு நேர் எதிரே, முந்நூறு மீட்டர் தள்ளி இருந்தது.

"நடுவுல மஞ்சளா ஒரு கோடு போகுதேண்ணே?"

"ரோடு லா. தாண்டினா முடிஞ்சிச்சு."

எஸ்டேட்டில் பிறந்தவனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் பக்கம்தான். எதிர் மேட்டில் தொழிலாளர் லயத்து வீடு தெரிந்தால், தேயிலை நிரைக்குள் குறுக்கே இறங்கி ஏறிவிடுவோம். தார்ச்சாலையில் காரில் சுற்றிப் போகிறவர் எஸ்டேட் துரை மட்டுமே.

தேர்வன்று காலை எட்டரை மணிக்கு விடுதி வாசலில் நின்றோம். மருத்துவமனைப் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. நடுவே பத்துத் தட நெடுஞ்சாலை, கம்பிவேலி, சிமெண்டுக் கரை கட்டிய ஆறு, அதற்கும் அப்பால் ரயில் தண்டவாளம். என் நான்கு பக்கத் திட்டத்தில் ஆறே கிடையாது.

"எங்கயாச்சும் குறுக்குப் பாதை இருக்கும், வா" என்று வேலியோரமாக நடந்தேன். வேலி முடியவே இல்லை. ஸ்டெல்லாவின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கார் நிறுத்துமிடக் காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் கார்லதான் போக முடியும்" என்றார்.

கைப்பேசியில் அழைத்த கார் எதிர்த்திசையில் கிளம்பியது. வழியெல்லாம் நெரிசல். அந்த மருத்துவமனை ஒருமுறை வலப்பக்கம் வந்தது, இன்னொரு முறை இடப்பக்கம் வந்தது, வாசல் மட்டும் வரவில்லை. ஸ்டெல்லா அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லவாவது எனக்கு ஒரு வேலை இருந்திருக்கும்.

ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முகப்பிலிருந்த அம்மாள், "எங்கேருந்துமா வர்றீங்க?" என்று கேட்டார்.

ஸ்டெல்லா ஜன்னல் வழியே விரலை நீட்டினாள். "அந்தக் கட்டடம்."

"கேமரன் மாதிரி தூரத்துலேருந்துன்னு சொல்லியிருந்தாகூட உள்ள கேட்டுப் பார்த்திருப்பேன்மா" என்றார் அவர்.

நாங்கள் கேமரன்தான் என்று நான் பாய்ந்து சொன்னேன். அவர் நம்பவில்லை. வேலை கைநழுவிப் போயிற்று. எங்கள் மலை ஊரான தானா ராத்தா வரை பஸ்ஸில் ஸ்டெல்லா எனக்கு முன்வரிசையில் தனியாக உட்கார்ந்து வந்தாள். அப்படியொரு வெட்கத்தை நான் அதற்குப் பிறகு பட்டதில்லை.

அடுத்த ஆண்டு அவள் தனியாகவே போய், வேறொரு மருத்துவமனையில் வேலை வாங்கினாள். இப்போது அவள் கோலாலம்பூர்வாசி, கே.எல்.காரி. நானும் என் பிள்ளைகளும் போகும்போதெல்லாம் பஸ் நிலையத்துக்கே வந்து, முதலில் என் கையைத்தான் பிடிப்பாள்.

"அத்தை, எங்க கைய பிடிக்கலையா?" என்று என் மகள் ஒருமுறை கேட்டாள்.

"நீங்க சொன்னா கேப்பீங்க. ஒங்கப்பாவுக்கு எதிர்ல எதாச்சும் தெரிஞ்சா குறுக்க எறங்கிடுவாரு."