தகடு வைத்த கறுப்பாடு

விடிந்ததும் ஆறுச்சாமி கொட்டகைக்குப் போனான். கறுப்பாடு பின்னங்காலைத் தூக்கித் தூக்கி நொண்டிக்கொண்டிருந்தது.

வேறு ஆடாயிருந்தால் நொண்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவன் வார்டு ஆள். இது அங்குள்ள டாக்டர் ஏசுரத்தினத்தின் ஆடு. புதுவகை எஃகில் செய்த தகடு ஒன்றை அதன் தொடை எலும்பில் வைத்துத் தைத்திருந்தார். உயிருள்ள உடம்பு அந்த எஃகை ஏற்றுக்கொண்டால், அடுத்த தகடு மனிதருக்கு. அந்த மனிதர் ஆறுச்சாமியின் பெண்சாதி வள்ளியாத்தாள். கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து ஒடிந்த கால் கூடாமல் கட்டிலோடு கிடந்தாள். ஆடு தேறினால் அவள் நடப்பாள்.

இந்தத் தாலூகா எந்த ராஜ்ஜியத்துக்குப் போகும் என்று டீக்கடைகளில் சண்டை நடந்த ஐம்பத்தாறாம் வருஷம் அது. ஆறுச்சாமிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. கோயமுத்தூர் போயிருந்த டாக்டர் காலை பஸ்ஸில் வருகிறார் என்பதுதான் கவலை.

ஆஸ்பத்திரி கூட்டுகிற பொன்னாத்தாளிடமும் ஒரு கறுப்பாடு உண்டு. நொண்டி ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், ரெண்டு நாளைக்கு ஆட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். எதற்கும் நூறு கேள்வி கேட்கிறவள், அன்றைக்கு அவன் சொல்லி முடிப்பதற்குள் கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டாள். அவளை இவ்வளவு நல்லவள் என்று அவன் நினைத்ததே இல்லை.

கொட்டகைக்கு வந்த பிறகுதான் தையல் தழும்பு ஞாபகம் வந்தது. பொன்னாத்தாள் ஆட்டில் தழும்புக்கு எங்கே போவது? ரோமத்தை விலக்கிப் பார்க்கக்கூட நேரமில்லை. தொடை முழுக்க டிங்சரை ஊற்றித் துணியைச் சுற்றிக் கட்டினான். எரிச்சலில் ஆடு குதித்துத் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தது.

வந்து இறங்கிய டாக்டர் கட்டு எதற்கு என்றார். ஈ மொய்த்தது என்றான். ஈ ஏன் மொய்த்தது, சீழ் பிடித்ததா என்றார். இல்லை என்று சொல்லப் போய், கொஞ்சம்போல என்று வாயில் வந்துவிட்டது.

"சீழ்னா தகடு உடம்புக்கு ஆகலேன்னு அர்த்தம். படம் எடுத்துப் பார்த்துடலாம். ஆகலேன்னா உன் சம்சாரத்துக்கு வைக்க மாட்டேன்."

எக்ஸ்ரே படத்தில் தகடே இருக்காதே. கரண்டாவது போகட்டும் என்று ஊர்ச் சாமிகளையெல்லாம் கூப்பிட்டான். கரண்டு போகவில்லை. படம் கழுவி வரும்வரை வள்ளியாத்தாளின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான்.

"ஏனுங்க, ஆடு நல்லாருக்குதுங்களா?" என்று அவள் கேட்டபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு வந்தார். தகடு அப்படியே இருந்தது. அதைச் சுற்றி எலும்பு அழகாகக் கூடியிருந்தது.

"திங்கக்கிழமை வள்ளியாத்தாளுக்கு வெச்சுடலாம்."

ஆறுச்சாமிக்குச் சந்தோஷம் ஒருபக்கம். பொன்னாத்தாள் ஆட்டுக்குள் தகடு எப்படிப் போயிற்று என்ற கிறுகிறுப்பு ஒருபக்கம். டாக்டர் போனதும், துடைப்பமும் கையுமாகப் பொன்னாத்தாள் கதவோரம் வந்து நின்றாள்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்ணா. என்ற ஆட்டுக்குக் கால்ல முள்ளு குத்திப்போச்சு. டாக்டர் வந்தாத் தன்ற ஆடுன்னு பாப்பாருன்னு நாந்தான் நேத்தே ரெண்டையும் மாத்திக் கட்டிப்போட்டேன்."