புக்கிட் பாஞ்சாங்கில் கடல் புகுந்த கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. என்னிடம் உள்ள ஒரே குறை இதுதான் என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கிறேன். (என் மனைவி செல்வியிடம் கேட்டால் நீளமான பட்டியலே கிடைக்கும். கேட்டுவிடாதீர்கள்.) அந்த ஒரு குறையை மட்டும் வைத்துக்கொண்டு, கடலோரமே இல்லாத புக்கிட் பாஞ்சாங் மேட்டுக்கு நான் கடலைக் கொண்டுவந்த கதையை இன்றைக்கு ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஒரு சின்னக் காடு இருந்தது. காடு என்றால் புலி, யானை எல்லாம் கிடையாது. யாரும் கைவைக்காமல் விட்டதால் தானாக வளர்ந்த மரங்கள், கொடிகள், நிறைய கொசு. நடுவில் ஓர் உயரமான பழைய மரம். அதன் பொந்துக்கு ஒவ்வொரு வருடமும் ஓர் இருவாச்சி ஜோடி குடிவரும். பெண் பறவை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை வாரக்கணக்கில் வெளியே இருந்து பழம் ஊட்டும். இதைத் தினமும் பார்ப்பவர் பதினோராவது மாடி ஜுபைதா அக்கா. குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் சமையல் வேலை. காலையில் டீயை ஜன்னலோரம் அந்த ஆண் பறவையோடு சேர்ந்து குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

ஒரு திங்கட்கிழமை லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த இடத்தில் புதிய வீடுகள் வரப்போகின்றன. சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்துவிட்டது. சுருக்கம் இணையத்தில் இருக்கிறது. வரைபடங்கள் உள்ள முழு அறிக்கையைப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்பதிவு செய்துகொண்டு வீடமைப்பு அலுவலகத்துக்கு நேரில் வரலாம். கருத்துச் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். புளோக்கின் வாட்ஸப் குழுவில் அன்று முழுக்க ஒரே களேபரம். தூசி, சத்தம், கார் நிறுத்த இடம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஜுபைதா அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த மரம் நிக்குமா, போயிருமா?"

சுருக்கத்தில் தேடிப் பார்த்தோம். பதில் இல்லை. உடனே என் விரல் என்னைக் கேட்காமலே தட்டியது: "நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்க்கா. டாக்குமெண்ட் படிக்கிறதுதானே என் வேலையே."

அது பொய்யில்லை. கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் அப்போது எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் எண்ணைப் பார், பிறகு உள்ளே படி என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிரிக்க வசதியாக இருக்கும்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். அன்று மாலையே புளோக்கின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர் கூட்டம். அதிகாரிகள் நேரில் வந்து விளக்கம் தருவதாக ஏற்பாடு. காலையில் படிப்பது, மாலையில் எழுந்து நின்று அசத்துவது என்பது என் திட்டம்.

பார்வை அறையில் மூன்று வெள்ளை மேசைகள். வரவேற்பில் இருந்த மலாய்ப் பெண் ஒரு தடிமனான வெள்ளைக் கோப்பைக் கொண்டுவந்து ஓரத்து மேசையில் வைத்தாள்.

"அங்கிள், போட்டோ கேனாட் ஆ. ரைட்டிங் கேன்." படம் எடுக்கக் கூடாது, எழுதிக்கொள்ளலாம்.

மரங்களின் வரைபடம் கடைசியில் இருப்பதாகப் பொருளடக்கம் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் நேராக அங்கே போயிருப்பார்கள். ஆவணப் பிரிவுக்காரன் அப்படிச் செய்யலாமா? முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மண் வகை, சரிவு, வடிகால், அணில், ஓணான், அறுபது வகைச் செடி. எல்லாவற்றையும் கைவலிக்க எழுதினேன். நூற்றுப் பதினோராவது பக்கத்தில் பசி வந்துவிட்டது.

லிட்டில் இந்தியா அங்கிருந்து இரண்டே ஸ்டேஷன். குறிப்புத் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, கோப்பின் பக்கத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுக் கிளம்பினேன். இந்த ஊரில் இடம் பிடிக்க அது போதும். உணவங்காடியில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், டிஷ்யூ பாக்கெட் கிடக்கும் மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள். உணவங்காடியில் செல்லுபடியாகும் சட்டம் அரசாங்க அலுவலகத்திலும் செல்லுபடியாகும் என்று நினைத்தது என் தேசப்பற்று.

சிராங்கூன் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு, மீன் தலைக்கறி. (உண்மையைச் சொல்கிறேன், இரண்டாவது முறையும் சோறு வாங்கினேன்.) திரும்பி வந்தபோது வரவேற்பில் யாரும் இல்லை. அந்தப் பெண்ணும் சாப்பிடப் போயிருப்பாள். அறைக்குள் போனால் மூன்று மேசையிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கோப்புகள். என் டிஷ்யூ நடு மேசையில் இருந்தது.

காலையில் ஓரத்து மேசையில் உட்கார்ந்ததாக ஒரு சின்ன ஞாபகம் வந்தது. ஆனால் டிஷ்யூ எதற்குப் பொய் சொல்லப்போகிறது? பாக்கெட் பிரிந்து பாதி காலியாகியிருந்தது. நான் பிரித்த நினைவே இல்லை. மீன் தலைக்கறி காரத்துக்கு மூக்கைத் துடைத்திருப்பேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். மீன் தலைக்கறி சாப்பிட்டது அறைக்கு வெளியே என்பது அப்போது உறைக்கவில்லை. உட்கார்ந்தேன். நூற்றுப் பன்னிரண்டாவது பக்கத்தைத் திறந்தேன்.

"கடலேற்றத்தின்போது" என்று ஆரம்பித்தது பக்கம்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். சேற்றுத்திட்டில் ஒன்பது வகை நண்டுகள் காணப்பட்டன. குதிரைலாட நண்டுகள் முட்டையிடும் இடங்கள் படத்தில் குறிக்கப்பட்டுள்ளன. எனக்குத் தலை சுற்றியது. இருபது வருடமாக அங்கே குடியிருக்கிறேன், ஒரு நண்டையும் பார்த்ததில்லை. வெளியே வந்து செல்விக்குப் போன் போட்டேன்.

"செல்வி, நம்ம வீட்டுப் பின்னாடி நண்டு ஏதாவது பாத்திருக்கியா?"

"மார்க்கெட்ல இருக்குங்க. எத்தனை கிலோ வாங்கணும்?"

"அதில்ல, காட்டுக்குள்ள. உயிரோட."

"நீங்க சாப்பிட்டீங்களா இல்லையா?"

அப்போதாவது யாரையாவது கேட்டிருக்கலாம். "இது எந்த இடத்து அறிக்கை?" என்று நான்கே வார்த்தை. கேட்டால் எனக்குத் தெரியாதது வெளியே தெரிந்துவிடுமே! அதனால் உட்கார்ந்து ஒரு கோட்பாட்டை உருவாக்கினேன். புளோக்குக்குக் கீழே ஒரு சாக்கடைக் கால்வாய் ஓடுகிறது. கால்வாய் ஆற்றுக்குப் போகிறது, ஆறு கடலுக்குப் போகிறது. போகிற தண்ணீர் திரும்பி வராது என்று யார் சொன்னது? கடைசியில் வரைபடத்தைப் பிரித்தால் பாதி நீலமாக இருந்தது. வரைபடத்தில் வானத்தையும் போடுவார்களா என்று ஒரு கணம் யோசித்து, போடுவார்கள் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். நம் மரம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. எட்டுத் தாள் குறிப்போடு வீட்டுக்குப் போனேன்.

மாலைக் கூட்டத்தில் நல்ல கூட்டம். செல்வியும் மகள் யாழினியும் முன்வரிசையில். அதிகாரிகள் தரப்பில் ஓர் இளம்பெண் கணினியோடு வந்திருந்தார். ஜுபைதா அக்கா வேலையிலிருந்து நேராக வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். சரிவு, வடிகால், அணில் வரை கைதட்டலே கிடைத்தது. அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. "இனிமேல் சொல்லப்போவது உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்" என்று குரலை உயர்த்தி ஆங்கிலத்தில் முழங்கினேன். "நம் புளோக்குக்குப் பின்னால் ஒன்பது வகை நண்டுகள் வாழ்கின்றன. கடலேற்றத்தின்போது படகுகள் மெதுவாகப் போக வேண்டும்!"

மூன்றாம் மாடி டான் கையைத் தூக்கினார்.

"பிரதர், ஸீ எந்தப் பக்கம் லா? நான் முப்பது வருஷமா பாக்கல."

கூட்டம் வெடித்துவிட்டது. யாழினி தன் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள். இளம் அதிகாரி ஒருதரம் தன் கணினியைப் பார்த்தார், ஒருதரம் என் தாளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியபடி, "சார், பாதி எங்கள் அறிக்கைதான். மறுபாதி கரையோரத்து வேறொரு திட்டத்தினுடையது" என்றார். அதோடு உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பேன். அதற்குள் ஜுபைதா அக்கா எழுந்தார்.

"தம்பி, மரம் என்னாச்சு? அதச் சொல்லுங்க."

அந்த நேரத்திலாவது "தெரியாதுக்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சொன்னது: "கடல் எவ்வளவு ஏறினாலும் அந்த மரத்துக்கு ஒன்னும் ஆகாதுக்கா."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் என்னை நம்பி நான்கு நாள் சும்மா இருந்திருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய், "நாளைக்கு மறுபடி லீவு போட்டுப் போறேன்க்கா" என்றேன்.

"வேணாம் தம்பி. நீங்க வேலைக்குப் போங்க. நானே பாத்துக்கறேன்."

இளம் அதிகாரி அங்கேயே காலை ஒன்பது மணிக்கு அவர் பெயரைப் பதிவு செய்து கொடுத்தார்.

மறுநாள் நடந்ததை அக்காவே வந்து சொன்னார். வரவேற்புப் பெண்ணிடம் மலாயில் பேசி, "மரப் பக்கம் மட்டும் காட்டு" என்று கேட்டிருக்கிறார். நேராகக் கடைசிப் பக்கங்கள். நம் மரத்துக்கு நேரே, "பொந்து உண்டு. பறவைகள் பயன்படுத்துகின்றனவா என்று தகவல் தேவை. முடிவு பிறகு" என்று இருந்திருக்கிறது. அக்கா பையிலிருந்து தினசரி காலண்டர் தாள்களை எடுத்திருக்கிறார். பெண் பறவை உள்ளே போன நாள், குஞ்சு வெளியே வந்த நாள் என்று ஆறு வருடத்துத் தாள்கள், தமிழில் பேனாவால் குறித்தவை. அந்தப் பெண் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்ப உதவியிருக்கிறாள். மொத்தம் நாற்பது நிமிடம். எனக்கு ஒரு முழு நாள் ஆகியிருந்தது.

டிஷ்யூ மர்மமும் அன்றுதான் விலகியது. நடு மேசையில் ஜலதோஷத்தோடு ஒரு பெண்மணி கரையோர அறிக்கையைப் படிக்க வந்தாராம். ஓரத்து மேசையில் அனாதையாகக் கிடந்த பாக்கெட்டை அலுவலகத்துடையது என்று எடுத்து, ஆசை தீர மூக்கைச் சிந்திவிட்டு, நாகரிகமாக மிச்சத்தைத் தன் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். "அங்கிள் நடு மேசையில இருந்ததப் பாத்தேன். ரெண்டு திட்டத்தையும் படிக்கிறாரு, ரொம்ப அக்கறையான மனுஷன்னு நெனச்சேன்" என்றாளாம் வரவேற்புப் பெண். கோப்பின் முதுகில் திட்ட எண் பெரிதாகவே அச்சடித்திருக்கிறதாம். அதையும் அக்காதான் சொன்னார்.

இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன. இரண்டு புளோக்குகளுக்கு நடுவே, வேலி போட்ட ஒரு வட்டத்துக்குள் அந்த மரம் நிற்கிறது. கட்டுமானம் நடந்தபோது ஒரு வருடம் பறவைகள் வரவில்லை. அக்கா அந்த வருடம் என்னிடம் அதிகம் பேசவில்லை. அடுத்த வருடம் வந்தன. அன்றிலிருந்து, பெண் பறவை பொந்துக்குள் போகும் நாளில் புளோக்கின் வாட்ஸப் குழுவில் அக்காவின் செய்தி தவறாமல் வருகிறது. இருநூறு பேர் பார்க்கிற குழுவில், என் பெயரைக் குறிப்பிட்டு:

"தம்பி, பறவை உள்ள போயிருச்சு. நண்டெல்லாம் எப்படி இருக்கு?"

செல்வி சமையலறையிலிருந்தே சிரிப்பாள். நான் "எல்லாம் சௌக்கியம்க்கா" என்று பதில் போட்டுவிடுவேன். தெரியாது என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.